மேலே போயும் கண் வேண்டாம் என்றவள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். "லைன்ல இருங்க" என்பாள். அதையே வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி, வார்டு நர்சிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் லைனக்கா ஆகிவிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிதாகப் புகாரும் கிடையாது. புகாரெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

அதிலும் முதல் ஆள் அவளுடைய அம்மா. சின்ன வயதில் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் ஏறி இறங்காத டாக்டர் படி இல்லை. போகிற இடமெல்லாம் வரிசை. கால் கடுக்க நின்று உள்ளே போனால், டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். மகளுக்கு அது தெரியாது. அம்மாவின் பிடி தன் கையில் இறுகுவதை வைத்து, இங்கேயும் முடிந்தது என்று தெரிந்துகொள்வாள்.

அவள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தம்பிக்குப் பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தாள். ஆமாம், பெண் பார்த்தது அவள்தான். அப்படியும் அம்மாவின் மனசு ஆறவில்லை. கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது மகளின் முகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"கவலைப்படாதடி. நான் மேல போய் உனக்குக் கண்ணு கேட்டு வாங்கி வெக்கிறேன். நீ வர்றப்போ தயாரா இருக்கும்."

பக்கத்தில் நின்ற தம்பி விம்மினான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. போகிற உயிரோடு என்ன வழக்கு என்று வாயை மூடிக்கொண்டாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். கோபம் போகவில்லை. செத்த பிறகும் ஒருத்தி தனக்காக எங்கேயோ வரிசையில் நிற்கப்போகிறாள் என்ற நினைப்பு, தொண்டையில் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. அதை எடுக்கத்தான் அவள் நாடகம் எழுத உட்கார்ந்தாள்.

ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருந்தது. கேட்கிறவர்களே எழுதலாம், நடிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். லைனக்கா பிரெயில் புள்ளிகளில் குத்தி எழுதிய தொடருக்கு 'மேல்மாடி விசாரணை' என்று பெயர் வைத்தாள். ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தி செத்துப்போகிறாள். அவளுக்கும் பார்வை கிடையாது. மேலே போனால் அங்கேயும் ஒரு பெரிய கட்டடம், முடியாத தாழ்வாரம், எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் முழிக்கிற கூட்டம். மூலையில் ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. கை சும்மா இருக்குமா, எடுத்துவிடுகிறாள். அதோடு வேலையில் சேர்ந்த மாதிரிதான். புருஷனைத் தேடும் மனைவி, மனைவி இருக்கிற பக்கம் மட்டும் அனுப்பிவிடாதே என்று கெஞ்சும் புருஷன், செத்ததையே ஒப்புக்கொள்ளாமல் வாதாடும் வக்கீல் என்று வாரம் ஒரு ஆள் வந்து மாட்டுவார்கள்.

மேலுலகக் குமாஸ்தா வேஷத்துக்கு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் தானாகவே வந்து நின்றார். "எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கேன், அந்த ரூட்டு எனக்கு அத்துப்படிக்கா" என்றார். அம்மா வேஷத்துக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசிப் பழகியவள், அதனால் ஒவ்வொரு சொல்லும் அழுத்தமாக வரும். ஆபரேட்டராக லைனக்காவே பேசினாள்.

முதல் ஒலிப்பதிவிலேயே நிலையத் தலைவருக்கும் அவளுக்கும் உரசல். ஆவிகள் பேசினால் எதிரொலி வேண்டும், பின்னால் காற்று ஊளையிட வேண்டும் என்றார் அவர்.

"செத்தவங்க எதுக்கு சார் கிணத்துக்குள்ள இருந்து பேசணும்?" என்றாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிடுவதையும், செருப்புகள் தேய்வதையும், யாரோ இருமிவிட்டு அடக்கிக்கொள்வதையும் பதிவு செய்து கொண்டுவந்து கொடுத்தாள். தலைவர் கேட்டுவிட்டு எதிரொலியைக் கைவிட்டார். தொடர் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறவர்கள், "மேலயா கீழயாங்க பேசறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வார்டு விஷயத்துக்கே வந்தார்கள்.

வினை கடைசிப் பாகத்தில் வந்தது. ஆபரேட்டரின் போன் அடிக்கிறது. மறுமுனையில் அவளுடைய அம்மா. கண் கொடுக்கிற அறை வாசலில் இத்தனை காலம் நின்றிருக்கிறாள், இப்போதுதான் முறை வந்திருக்கிறது, ஓடி வா என்கிறாள். மகள் போகிறாள். போய், வேண்டாம் என்கிறாள்.

தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"எழுத்து பிரமாதம்மா. ஆனா முடிவு இப்படி இருந்தா கேக்கறவங்க மனசு ஒடஞ்சிரும். அவ கண்ண வாங்கிக்கட்டும். கண் கட்டைப் பிரிக்கறாங்க, வயலினை ஏத்தி விடறோம், 'அம்மா, நீ இவ்வளவு அழகா'ன்னு ஒரு வரி. ஊரே அழும்."

"ஊரை அழ வெக்க நான் எழுதலீங்க."

"செத்தப்புறமும் இருட்டுலயே இருக்கணுமா என்ன?"

"இருட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு இருட்டும் தெரியாது, வெளிச்சமும் தெரியாது. நீங்க கண்ணை மூடிப் பாத்துட்டு அதுதான் நான்னு நெனச்சுக்கறீங்க சார்."

வீட்டுக்கு வந்தால் தம்பி பிடித்துக்கொண்டான். "அம்மா சாகும்போது எவ்வளவு ஆசையா சொன்னாங்க. அதை ஊரறிய வேணாம்னு தூக்கி எறியறியே. அவங்க காதுல விழுந்தா எப்படி இருக்கும்?"

"விழட்டும்னுதான்டா எழுதறேன்" என்றாள்.

அவன் அன்று அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவளுக்கு வலித்தது. ஒரு வரியையும் மாற்றவில்லை.

ஒலிப்பதிவு நாளில் தலைவர் ஒரு வேலை செய்தார். முடிவைத் தானே மாற்றி எழுதித் தட்டச்சு செய்து, மற்ற இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டார். லைனக்காவிடம் மூச்சு விடவில்லை. மைக் முன்னால் வந்த பிறகு மறுக்கவா போகிறாள் என்று எண்ணிவிட்டார். அவள் விரல் தன் தாளில் ஓடிக்கொண்டிருந்தபோது தையல்காரம்மா, "கட்டைப் பிரிக்கட்டுமா கண்ணு?" என்றாள். அப்படி ஒரு வரி அவள் தாளில் இல்லை. விரல் நின்றது. விஷயம் புரிந்துபோயிற்று.

தன் தாளில் இருந்ததை அவள் நிதானமாகச் சொன்னாள். "அம்மா, எனக்கு வேணாம்."

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தலைவர் ஒலிபெருக்கியில், "நிறுத்துங்க" என்றார். பிறகு உள்ளே வந்தார். "உங்களுக்கு இஷ்டம் இல்லேன்னா வேற குரல் வெச்சு முடிச்சுக்கிறேன்."

"தாராளமா. ஆனா ஊருல பாதிப் பேரு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி என் குரலைக் கேட்டவங்க. வேற ஆளுன்னு முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுரும். ஏன்னு என்கிட்ட கேப்பாங்க. நான் உள்ளதைச் சொல்லுவேன்."

தையல்காரம்மா கையிலிருந்த தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "எனக்கும் பழைய வசனம்தான் மனப்பாடம்" என்றாள். டிரைவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த வாரம் நாடக நேரத்தில் நிலையம் சினிமாப் பாட்டு போட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவர்கள் லைனக்கா வீட்டிலேயே பதிவு செய்தார்கள். தம்பியின் அறைதான் தெருவைவிட்டு உள்ளே தள்ளியிருந்தது. ஜன்னலில் போர்வைகளைத் தொங்கவிட்டு, டிரைவரின் கைப்பேசியைத் தலையணைமேல் வைத்தார்கள். தம்பி மனைவியையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினான், மின்விசிறியை நிறுத்தினான், தண்ணீர் மோட்டாரைப் போடக்கூடாது என்று மாடி வீட்டில் சொல்லிவிட்டு வந்தான்.

"எனக்கு இப்பவும் பிடிக்கல" என்றான் வாசலில் நின்று.

"பிடிக்க வேணாம். கதவைச் சாத்து."

சாத்திவிட்டு, யாரும் தட்டாமல் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றான்.

உள்ளே அம்மாவும் மகளும் பேசினார்கள்.

"இத்தனை வருஷம் நின்னேனே, யாருக்குடி நின்னேன்?"

"நீ உனக்காகத்தான்மா நின்னே. நான் முழுசாத்தான் பொறந்தேன், முழுசாத்தான் வாழ்ந்தேன், முழுசாத்தான் செத்து வந்திருக்கேன். பாதின்னு பாத்தது நீ."

"அப்போ நான் அலைஞ்சதெல்லாம் வீணா?"

"வீண்தாம்மா. ஆனா உன் இடுப்புல உக்காந்து ஊரெல்லாம் சுத்தினேன் பாரு, அது வீண் இல்ல. கால் வலிக்குதா?"

"வலிக்குதுடி."

"வரிசையை விட்டு வா. இங்க பெஞ்சு இருக்கு. உக்காரு."

தையல்காரம்மா நிஜமாகவே தம்பியின் கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டில் முனகியது. டிரைவர் பதிவை நிறுத்த மறந்துபோய் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். லைனக்காவுக்கும் எழுதும்போது வராத அழுகை அப்போதுதான் வந்தது. அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதைச் சொல்லியாகிவிட்டது. நெஞ்சு லேசானது.

கைப்பேசி விட்டுக் கைப்பேசி அந்தப் பாகம் பரவியது. திட்டும் வந்தது. கண் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு திமிர் என்று ஒருவர் குரல் செய்தி அனுப்பினார். அவள் உடனே பதில் பேசி அனுப்பினாள். "ஆமாங்க, பொறக்கும்போதே வந்தது. எந்த டாக்டராலயும் சரி பண்ண முடியல."

ஒரு நாள் வேலை நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். அவளுடைய மகளுக்கும் பார்வை இல்லையாம். "இன்னொரு டாக்டர்கிட்ட போறதா இருந்தோம். உங்க நாடகம் கேட்டுட்டுப் போகல. சரியா தப்பான்னு தெரியலக்கா."

"அய்யோ, போகாதேன்னு நான் சொல்லலியே. போய்ட்டு வாங்க. முடியாதுன்னு சொன்னா, திரும்பி வர்ற வழியில பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு அழாதீங்க. அது எல்லாத்தையும் புரிஞ்சுக்கும்."

கடைசியில் நிலையத் தலைவரும் கூப்பிட்டார். கேட்பவர்கள் அவரை நச்சரித்துவிட்டார்கள். வீட்டில் பதிவு செய்ததையே அப்படியே ஒலிபரப்புகிறேன், புதிதாக இன்னொரு தொடரும் எழுதுங்கள் என்றார்.

"எழுதறேன். ஆனா பதிவு பண்றப்போ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் உக்காருவேன்."

"அங்க நான்தானேம்மா உக்காருவேன். எழுதறவங்க அங்க வர்ற வழக்கம் இல்லியே."

"அப்போ இன்னொரு நாற்காலி போடுங்க."

தலைவர் பெருமூச்சு விட்டது லைனில் நன்றாகக் கேட்டது. நாற்காலி போட்டார். இப்போது இரண்டாவது தொடர் நடக்கிறது. வரிக்கு வரி இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறார்கள். சில நாள் அவர் ஜெயிக்கிறார். பெரும்பாலும் அவள்தான்.