இரண்டு டின் பயறு

வெள்ளவத்தை மொட்டைமாடியில் என் மனிசன் எருச்சாக்கை அவிழ்த்ததும் ஏறிய நெடி என்னைக் கொட்டாஞ்சேனை வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே எங்களுக்குத் தோட்டம் என்றால் அம்மாவின் ஆறு கத்தரிக் கன்றுகள்தான். அப்பா ஒருநாள் தெஹிவளையிலிருந்து பஸ்ஸில் ஒரு சாக்கு மாட்டெரு கொண்டுவந்தார். பஸ் முழுக்க ஏச்சு வாங்கியவருக்கு வீட்டிலும் நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. மாடு தின்ற புல்லுக்குக் களைநாசினி அடித்திருந்தால் சாணத்திலும் அது நிற்கும், கன்றைக் கெடுக்கும் என்றாள் அம்மா. இரண்டு பால்மா டின் எடுத்தாள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் எரு கலந்த மண். இரண்டிலும் பயறு போட்டாள்.

பத்தாம் நாள் எரு டின்னில் இலைகள் சுருண்டு வந்தன.

"பயறு பழுதடி," என்றார் அப்பா.

"அப்ப மற்ற டின்னில நிமிர்ந்து நிக்கிறது ஆர், உங்கட தங்கச்சியோ?"

அப்பா ஒரு கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை. எனக்கு அம்மாமேல்தான் கோபம். ஆனால் கத்தரி தப்பியது. அந்தக் கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றவரும் அப்பாதான்.

"நல்ல எரு எண்டுதான் மாட்டுப்பட்டிக்காரன் சொன்னவன்," என்றார் மொட்டைமாடியில் என் மனிசன்.

"விக்கிறவன் வேறென்ன சொல்லுவான்? சாக்கைக் கட்டுங்கோ."

நானும் இரண்டு டின்னில் பயறு போட்டேன். அவரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். இன்று பத்தாம் நாள். இரண்டு டின்னிலும் இலைகள் ஒன்றுபோல விரிந்து நிற்கின்றன.

"நீங்கள் கொண்டுவந்தது நல்ல எருதான்," என்றேன்.

அப்பாவிடம் இப்படிச் சொல்ல அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை.