எல்லாப் படத்திலும் முதலாளி

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கி வார்க்கும் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலை எனக்கு. ஆள் சேர்ப்பது என் வேலை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில், ஓடிப்போகிறவர்களை வாசலில் நின்று வழியனுப்புவதுதான் என் வேலை. உலைப் பக்கம் என்றாலே பையன்கள் தயங்குகிறார்கள். அவர்கள் துணிந்தாலும் அம்மாக்கள் விடுவதில்லை.

வருஷா வருஷம் நன்றாக வேலை செய்தவர்களை மனைவியோடு டூர் அழைத்துப்போவது எங்கள் கம்பெனி வழக்கம். அதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு குக்கர் கொடுத்துவிடலாம் என்றார் முதலாளி. நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். டூரில் நல்ல போட்டோ எடுப்போம் சார், நம் ஆட்கள் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டிருப்பதைக் கேன்டீன் சுவரில் மாட்டுவோம், ஐ.டி.ஐ.களுக்கு ஆள் எடுக்கப் போகும்போது பெற்றவர்களிடம் காட்டுவோம், இருக்கிறவர்களும் நிலைப்பார்கள், புதியவர்களும் வருவார்கள் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

"சரிம்மா, இந்த ஒரு வாட்டி பாப்போம். பிரயோஜனம் இல்லன்னா அடுத்த வருஷத்துலருந்து டூரே கெடையாது" என்றார்.

போட்டோகிராபரை அவரே பிடித்தார். அங்கேயே பிடித்தது சனி. பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்காரர், முதலாளி மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர். நம்மூர் ரிசப்ஷனில் மணமக்கள் நடுவில் நிற்க, வந்தவர்கள் வரிசையாக மேடையேறி, பக்கத்தில் நின்று, இறங்குவார்கள் இல்லையா? அந்த மனுஷருக்கு அந்த ஒரு வித்தைதான் தெரியும். மூணாறில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே முதலாளியை நிறுத்தினார். "அடுத்த ஜோடி வாங்க" என்று கூப்பிட்டார். வந்தார்கள், விறைத்து நின்றார்கள், போனார்கள். அருவிக்குப் போனால் அங்கேயும் அதே வரிசை. அணைக்கட்டிலும் அதே வரிசை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியபாளையம் பக்கத்திலிருந்து வரும் உலை ஆபரேட்டர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவரை நம்பித்தான் உலையே ஓடியது. ஓர் ஓடையில் அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தார். தண்ணீர் சில்லென்று இருந்ததில் வீல் என்று கத்திக் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இத்தனை பாடுபட்டது இந்த ஒரு படத்துக்காகத்தான். "எடுங்க, எடுங்க" என்று போட்டோகிராபரைப் பிடித்து உலுக்காத குறை.

"சாரு வந்துரட்டும் மேடம். அவரு இல்லாம எடுத்தா ஆல்பத்துல நல்லா இருக்காது" என்றார் அவர்.

சாரும் வந்தார். அந்தப் பெண் பதறிக் கரையேறி, செருப்பை மாட்டி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி நடுவில் புகுந்து அவர் தோளில் கை போட்டார். படம் எடுத்தாயிற்று, சிரிப்பு போயே போய்விட்டது.

ஆல்பம் வெல்வெட் பெட்டியில் வந்தது. ஓரமெல்லாம் ரோஜாப்பூ. வேறு வழியில்லாமல் அதிலிருந்து சில படங்களைப் பெரிதாக்கி ஓர் ஐ.டி.ஐ.க்கு எடுத்துப் போனேன். மகனை உலை வேலைக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். "யாருக்கும்மா கல்யாணம்? இவுரு பொண்ணூட்டுக்காரரா? எல்லாத்துலயும் கீறாரே" என்றார். அந்தப் பையன் வரவில்லை.

சில மாதம் கழித்து உலை ஆபரேட்டர் ராஜினாமாக் கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றார். காக்களூரில் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். இங்கிருந்து அனுபவச் சான்றிதழ்கூட வாங்காமல் எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன்.

"நீங்க போன்ல அனுப்புனீங்களே மேடம், அந்த ஓடை போட்டோ, அதைக் காமிச்சேன். முதலாளியே தோள்ல கை போட்டுக்கினு கீறாரே, அப்ப நல்ல வேலக்காரனாத்தான் இருப்பேன்னு உடனே சேத்துக்கினாங்க" என்றார் வெள்ளந்தியாக.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆளைப் பிடித்து வைக்க எடுத்த படம், ஆளை அனுப்பி வைத்திருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அவரை உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். அவர் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினால் இவர் மனசு மாறலாம் என்று ஒரு நப்பாசை.

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி எரிந்து விழுந்தார். "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். கூட்டிக்கினு போய்ச் சோறு போட்டு, போட்டோ புடிச்சி, இன்னா ஆச்சு? இனிமே டூர்னு யாராவது வாயத் தொறந்தீங்க, தெரியும். ஆமா, யாரும்மா அது, போறவன்?"

ஆல்பத்தை அவர் முன்னால் விரித்து அந்த ஓடைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த ஆளா? இவரு நம்ம ஆளா? வேன் டிரைவர்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

ஆல்பத்தை மூடக்கூடத் தோன்றாமல் எழுந்து வெளியே வந்தேன். ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றேன்.