வெள்ளை வெளேரென்ற கட்டு

எனக்கு இரண்டு வேலை. பகலில் மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் ஆறாத கால்புண்களுக்குக் கட்டுப் போடும் தாதி. அந்தப் புண்களைப் பற்றி அங்கே நடந்த ஆய்வுக்கு அளவெடுத்துக் கொடுத்ததும் நான்தான். மாலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் லத்தீன் கவிதை. இங்கிலாந்தில் தாதியாக இருந்த காலத்தில் பகுதி நேரமாகப் படிக்கத் தொடங்கி, பட்டமும் வாங்கி, இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற பைத்தியம் அது. அந்தக் காலத்து ரோமானியக் கவிஞர்கள் தங்கள் கையால் எழுதியது எதுவும் இன்று இல்லை. நகலைப் பார்த்து எடுத்த நகல்கள்தான் மிச்சம். எந்த நகலில் எங்கே யார் கை வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதுதான் என் ஆய்வு.

கல்யாண வீட்டில் இதைச் சொன்னால், "அது சோறு போடுமா?" என்று கேட்பார்கள். போடாதுதான். அதற்காக என்னைக் கிண்டல் செய்யும் உரிமையை ஊருக்கெல்லாம் நான் எழுதிக் கொடுக்கவில்லை. எங்கள் ஆய்வை நடத்திய டாக்டர் கேட்காமலே அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர். அவரும் தமிழர், டவுனில் பிறந்து வளர்ந்தவர். ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிற நோயாளிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் "இந்த ஆளுங்க" என்பார். அவருடைய தாத்தா என்ன வானத்திலிருந்து குதித்தாரா?

ரெம்பியாவிலிருந்து ஓர் அக்கா எங்கள் ஆய்வில் சேர்ந்திருந்தார். சின்ன வயதில் அம்மாவோடு தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்க, பால் மரம் வெட்டப் போனவர். இப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்க நின்றபடி தட்டுக் கழுவுகிறார். கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில் பதினோரு வருடமாக ஆறாத புண். காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏற முடியாமல் தேங்கிப்போவதால் வருவது அது. கால் வீங்கும், தோல் கறுக்கும், புண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். இதற்கு இறுக்கமான அழுத்தக் கட்டுப் போட வேண்டும். அந்தக் கட்டு ஒரு வாரம் இரவும் பகலும் காலிலேயே இருக்க வேண்டும். செவ்வாய்தோறும் அவர் வருவார். பழைய கட்டை அவிழ்த்து, அளவெடுத்து, புதுக் கட்டுப் போட்டு அனுப்புவோம்.

ஏழு வாரம் ஆகியும் வீக்கம் இம்மியும் இறங்கவில்லை. எட்டாவது வாரம் டாக்டர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். அந்த அக்காவை ஆய்விலிருந்து நீக்குவதற்கான தாள். காரணம் என்ற இடத்தில் "ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று எழுதியிருந்தது. ஆய்வை விட்டு நீக்கினால் கட்டும் நின்றுபோகும். அப்படியே போனால் ஒருநாள் அந்தக் காலையே எடுக்க வேண்டிவரலாம் என்று அக்காவுக்கு ஏற்கெனவே வேறொரு டாக்டர் சொல்லியிருந்தார். தாளில் என் கையெழுத்தும் வேண்டும்.

"மறுக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?" என்றேன்.

"கட்டு போட்டிருந்தா வீக்கம் எறங்கணும். எறங்கல. வீட்ல கழட்டிடுறாங்க. இந்த ஆளுங்களுக்குச் சொன்னா ஏறாதுலா."

"போய்ப் பார்த்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

"உங்க லத்தீன் ஆராய்ச்சி மாதிரி இதையும் ஆயிரம் வருஷம் இழுக்காதீங்க" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு மனுஷியின் கால் போகுமா இருக்குமா என்ற பேச்சு அது. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ரெம்பியாவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அன்று அந்த அக்காவுக்குக் கடையில் லீவு. தாமான் என்கிற குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. வாசலில் காரை நிறுத்தியதுமே கொடியில் என் கட்டைப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு நடுவே, துவைத்து, நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது சரிதானா என்று ஒரு நிமிடம் அந்த அக்கா மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

கட்டில்லாத காலோடு அவர் வெளியே வந்தார். கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். தாதிகளை இங்கே மிஸி என்பார்கள்.

"ஐயோ மிஸி, நாளைக்குத்தானே கிளினிக்கு? இன்னும் காயலியே!"

"ஏன்க்கா கழட்டினீங்க?"

"பின்ன, டாக்டர்கிட்ட அழுக்கோடவா வர்றது?"

உள்ளே உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை கட்டைத் தொடமாட்டார். வலித்தாலும் அரித்தாலும் தொடமாட்டார். ஞாயிறு சாயங்காலம் அவிழ்த்துத் துவைப்பார். மழை பெய்தால் காய இரண்டு நாள் ஆகும் அல்லவா? செவ்வாய் காலையில் குளித்து, புண்ணையும் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டை இஸ்திரி போட்டு, தானே சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். ஐந்து நாளில் இறங்கிய வீக்கமெல்லாம் கட்டில்லாத அந்த ஒன்றரை நாளில் திரும்பிவிடும்.

"தோட்டத்துல டிரசர் இருந்தாருல்ல மிஸி, அவருகிட்ட துணியில கறையோட போனா வரிசையிலேர்ந்து வெளிய தள்ளிடுவாரு. 'கழுவிட்டு வா'ன்னு எல்லாரு முன்னாலயும் கத்துவாரு. அன்னிக்கு மருந்து கெடையாது. எங்கம்மாவ மூணு தடவ திருப்பி அனுப்பியிருக்காரு. அதுலேர்ந்து எங்க வீட்ல யாரும் அழுக்குக் கட்டோட மருந்துக்குப் போனதில்ல."

டிரசர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர். தோட்டமும் போய் அந்த ஆஸ்பத்திரியும் இடிந்து எத்தனையோ காலமாயிற்று. அந்த மனிதர் போட்ட சத்தம் மட்டும் இந்த வீட்டில் இன்னும் சட்டமாக இருந்தது.

அதைவிட மோசமானதை அடுத்து அவர் சொன்னார்.

"நீங்களும் மொத வாரமே சொன்னீங்கல்ல மிஸி, 'கட்டு என்னமா வெள்ள வெளேர்னு வெச்சிருக்கீங்க'ன்னு? எனக்கு அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு."

சொன்னேன். ஒருமுறை அல்ல, வாராவாரம் சொன்னேன். நீர் வடிகிற புண்ணின் மேல் ஏழு நாள் கிடந்த கட்டு எப்படி வெள்ளையாக இருக்கும்? மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஊறிப்போய் நாறித்தான் இருக்கும். அது முதல் வருடத் தாதிக்கே தெரியும். போதாக்குறைக்கு நான் வேறு, ஒரு நகல் உறுத்தாமல் வழவழவென்று ஓடினால் யாரோ இடையில் புகுந்து சரிசெய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படப் பல வருடம் பயின்றவள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மடத்தில் உட்கார்ந்து நகல் எழுதியவனைச் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. டாக்டர் மேல் மட்டுமே கோபப்பட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைந்தவள், வெளியே வரும்போது பாதிக் கோபத்தை என் பங்குக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை டாக்டர் வருவதற்கு முன் வரிசையில் காத்திருந்தவர்களிடம் கேட்டேன். பெம்பானிலிருந்து வந்த ஓர் அண்ணன், கிளினிக்குக்கு வருமுன் கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவாமல் வந்ததே இல்லை என்றார். செர்காம் பக்கத்துப் பெரியம்மா, "இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருவருமே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். இருவர் கட்டும் பளிச்சென்று இருந்தது. அவர்கள் கால்களும் அவ்வளவாகத் தேறவில்லை.

டாக்டர் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போடாத தாளை அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏழு நாள்னு நான் தெளிவா சொன்னேனே" என்றார்.

"ஏழு நாள்னு சொன்னீங்க. ஊறி, நாறிப்போயிருந்தாலும் அப்படியே வாங்க, யாரும் திட்டமாட்டோம்னு சொன்னீங்களா?"

"அத வேற சொல்லணுமா?"

"சொல்லணும் டாக்டர். நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. ஒத்துழைக்கலன்னு யாரையாவது எழுதணும்னா முதல்ல நம்ம ரெண்டு பேரையும் எழுதுங்க."

என் குரல் வெளியே வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆளும் இல்லை. தாளை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, "இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று அந்த அக்காவுக்குப் புதுக் கட்டுப் போட்டுவிட்டு, இதை நான் மட்டும்தான் அவிழ்க்க வேண்டும் என்றேன். அடுத்த செவ்வாய் கட்டு பழுப்பாக ஊறி, வாடையோடு வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அதற்கடுத்த வாரமும் அப்படியேதான் வந்தார், அதற்கடுத்த வாரமும். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அர்த்தம் எனக்குத் தெரியாது.

நான்காவது வாரம் கட்டை அவிழ்த்தபோது வீக்கம் வற்றி, கணுக்காலின் வடிவம் மறுபடி தெரிந்தது. புண் பாதிக்கு மேல் மூடியிருந்தது. அவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"இதுக்கு முன்னாலயும் ரெண்டு மூணு எடத்துல இதே மாதிரி கட்டு போட்டாங்க மிஸி" என்றார். "அப்பவும் நான் தொவச்சுத் தொவச்சுத்தான் கட்டிட்டுப் போனேன். பதினோரு வருசம். யாராச்சும் ஒருத்தரு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே."