தும்பிக்கு எத்தனை கால்

ரமழான் விடுமுறையில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபடியால்தான் எனக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். இல்லாவிட்டால் ஒரு விவசாயப் போதனாசிரியையிடம் யார் பிள்ளையை அனுப்பப் போகிறார்கள்? பெரியவர்களே என் வகுப்புக்கு வருவதில்லை. உர மானியப் படிவம் கொடுக்கும் நாளில் மண்டபம் நிறையும். படிவம் கைக்கு வந்ததும் கதிரைகள்தான் மிஞ்சும்.

இருபத்தொன்பது வருடம் இந்தக் கரையோரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். கல்முனையிலிருந்து பாலமுனை வரை நான் சேற்றில் இறங்காத வயல்வெளி குறைவு. புதிதாக நியமனம் பெற்று வருகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் மிஸ் என்று கேட்கிறார்கள். சான்றிதழ் வாங்கிய கதை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைச் சொல்கிறேன்.

1. பொம்மைகள் எதற்கு

அந்தச் சிறுபோக நெல்லில் அறக்கொட்டி விழுந்திருந்தது. நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும் சின்னக் கபிலப் பூச்சி. விட்டால் வயல் நெருப்புப் பட்டது மாதிரிக் கருகும். அதனால் ஒன்றிரண்டைக் கண்டதும் எங்கள் ஆட்கள் தெளிகருவியைத் தோளில் மாட்டிவிடுவார்கள். அடிக்கிற மருந்தில் அறக்கொட்டி மட்டுமா சாகும்? அதைத் தின்னும் சிலந்தியும் தும்பியும் பொறிவண்டும் சேர்ந்து சாகும். இரண்டு கிழமையில் அறக்கொட்டி இரட்டிப்பாக வரும், தின்பதற்கு ஆள் இருக்காது. இதை நான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "மிஸ், நீங்க கதைக்கிற. நாங்க விதைக்கிற."

தகப்பன்மார் கேட்காவிட்டால் பிள்ளைகள் வழியாகப் போவோம் என்று முடிவெடுத்தேன். ஓடாவியிடம், அதாவது எங்கள் ஊர்த் தச்சரிடம், மலைவேம்புத் துண்டுகள் வாங்கி, ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சி உடல்களாக வெட்டுவித்தேன். பிள்ளைகள் சேண்ட் பேப்பர் போட்டு வழுவழுப்பாக்குவார்கள். கட்டுக்கம்பியை வளைத்துக் கால் பொருத்துவார்கள். மெல்லிய ஒட்டுப்பலகையில் சிறகு. பிறகு எனமல் வர்ணம். பயிருக்கு எதிரி என்றால் அடிப்பலகை சிவப்பு, நண்பன் என்றால் பச்சை. முடித்த பொம்மையை வீட்டு வாசலுக்கு மேல் தொங்கவிட வேண்டும். தெளிகருவியோடு வெளியே போகிற தகப்பன் பச்சைப் பலகைச் சிலந்தியைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்கமாட்டாரா என்பது என் கணக்கு.

ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை பதினான்கு பிள்ளைகள். செவ்வாயும் வியாழனும் காலையில் எங்கள் விவசாய நிலையத்தின் பயிற்சி மண்டபத்தில் குந்தியிருந்து செய்வோம். பாதிப் பேர் நோன்பு. மரத்தூள் பறந்து ஆளுக்கு ஆள் தும்முவார்கள். தும்மினால் நோன்பு முறியுமா மிஸ் என்று ஒரு குட்டி ஒவ்வொரு தும்மலுக்கும் என்னிடம் ஃபத்வா கேட்கும்.

ஒரே ஒரு சட்டம் வைத்தேன். பார்க்காமல் செய்யக் கூடாது. புத்தகப் படம் கிடையாது, போனில் தேடுவது கிடையாது. வயலுக்குப் போய், உயிரோடு பார்த்து, காலை எண்ணி, நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

2. நாலு கால்

ஹஸ்னாவுக்குப் பத்து வயது. குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர் செய்த ஆதம்லெவ்வையின் மூத்த மகள். வாயாடி இல்லை. கை சுத்தம். மற்றவர்கள் வர்ணத்தைச் சட்டையிலும் பூசிக்கொண்டு நிற்க, இவள் வால் நுனி வரை கோடு பிசகாமல் தீட்டுவாள். அவள் எடுத்தது தும்பி. சிவப்பு உடல், சிறகின் அடியில் தேன் நிறத்தில் ஒரு பூச்சு. அப்படியே எங்கள் வயல் தும்பி.

செவ்வாய்க்கிழமை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான்கு கால்கள்.

"நாலு காலுக்கு இதென்ன மாடா?" என்றேன். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நான் பாத்தேன் மிஸ். கம்பில இரிந்திச்சி. நாலுதான்."

"பூச்சிக்கு எங்க புள்ள நாலு கால்? நல்லாப் பாத்து எண்ணிட்டு வியாழக்கிழமை வா."

ஆறு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குத் தெரியாததா? சொன்னால் சட்டம் உடைந்துவிடும் என்று நினைத்தேன். பயிற்சிநெறியில் கற்றுக்கொடுத்த முறை அது. பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு.

3. வியாழக்கிழமை

அன்று ஹஸ்னா எல்லாருக்கும் முதல் வந்து நின்றாள். பாவாடை முழங்கால் வரை ஈரம். கையில் ஒரு ஜாம் போத்தல், அதற்குள் பத்துப் பன்னிரண்டு தும்பி, ஊசித்தட்டான், சிலந்திகள். முக்காட்டுத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து, வாய்க்கால் ஓரத்தில் கிடந்த போத்தலுக்குள் கொட்டியதாகச் சொன்னாள். "ஆறு மிஸ்" என்றாள்.

நான் போத்தலை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன். பாருங்க, கெட்டிக்காரி எண்டா இப்படித்தான் இரிக்கணும் என்று புகழ்ந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பறக்கிற தும்பியை வலை இல்லாமல் ஒரு பிள்ளை எப்படிப் பத்துப் பிடிக்கும்? கேட்கவில்லை. போத்தலுக்குள் ஒன்றும் அசையவில்லை என்பதும் என் கண்ணில் படவில்லை. பூச்சியைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அவள் குந்தியிருந்து ஐந்தாவது காலுக்குக் கம்பி வளைத்தாள். இடையிடையே எழும்பி ஜன்னலால் துப்பிவிட்டு வந்தாள். நோன்பு பிடிக்கிற பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமில்லை. எச்சிலை விழுங்கினால் நோன்பு போய்விடும் என்று பயந்து நாள் முழுக்கத் துப்பிக்கொண்டு திரிவார்கள். நானும் சின்ன வயதில் துப்பியவள்தான். "ஊருக்கெல்லாம் நீயே தண்ணி பாச்சிருவாய் போல இரிக்கி. எச்சில் விழுங்கினா நோன்பு முறியாது புள்ள" என்று பகிடி பண்ணினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு முக்காட்டுத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். பிறகும் துப்பினாள், பிறகும் துடைத்தாள்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். நெற்றியும் மூக்கு நுனியும் வியர்த்திருந்தன. கம்பி கண்ணுக்குத் தெரியவில்லை, மங்கலாக இருக்கிறது என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். விடியுமுன் சஹருக்கு என்ன தின்றாய் என்று கேட்டேன். சோறும் மீனும் என்றாள். நோன்பை விடு, தண்ணீர் குடி என்றேன். அன்று முழுக்க அப்போது மட்டும்தான் அவள் என்னை எதிர்த்துக் கதைத்தாள்.

"ஏலா மிஸ். பதினெட்டு நோன்பு விடாமப் புடிச்சிட்டேன்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எவ்வளவு நெஞ்சுறுதி என்று நினைத்தேன். பின்னால் கிடந்த நீள வாங்குப் பலகையில் படுக்கவைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளின் பொம்மைகளைப் பார்க்கப் போனேன்.

அந்த வாங்குக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. விவசாயிகளுக்காக நானே கையால் எழுதியது. பூச்சிகொல்லி உடலில் பட்டால் தெரியும் அறிகுறிகள்: வாயில் எச்சில் பெருகும். வியர்க்கும். பார்வை மங்கும். வயிறு பிடிக்கும். கண்மணி சுருங்கும். தசை துடிக்கும். எத்தனையோ வருடம் இதை மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு பிள்ளை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். நோன்புக் களைப்பு என்று எண்ணிக்கொண்டு நான் சிலந்திக்கு எட்டுக் கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அந்தத் தும்மல் குட்டிதான் கூப்பிட்டது. ஹஸ்னாவின் கன்னம் தானாகத் துடிக்கிறதாம். ஓடிப்போய் இமையைத் தூக்கினேன். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கி இருந்தது. குனிந்தபோதுதான் முக்காட்டிலிருந்து பூச்சிமருந்து வாடை வந்தது. எனமல் வாடையில் அது இவ்வளவு நேரமும் அமுங்கிக் கிடந்திருக்கிறது. மருந்தடித்த வயலில் பொறுக்கிய பூச்சிகள். அவற்றை முடிந்த அதே தலைப்பால்தான் காலை முழுக்க வாயைத் துடைத்திருக்கிறாள்.

முக்காட்டைக் கழற்றி எறிந்தேன். சவர்க்காரம் போட்டுக் கை, முகம், கால் எல்லாம் கழுவினேன். ஓட்டோ பிடித்தோம். மடியில் கிடந்தபடி, "நோன்பு முறிஞ்சிட்டா மிஸ்?" என்று ஒரு தரம் கேட்டாள். இல்லை மகள் என்றேன். அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை உடனே செய்தார்கள். எந்த மருந்து என்று கேட்டார்கள். ஆதம்லெவ்வை மருந்துப் போத்தலைக் கொண்டு ஓடிவந்தார். லேபல் இல்லை. கடலால் களவாக வருகிற சாமான். ஒரே அடியில் அடங்கும் என்று யாரோ கொடுத்திருக்கிறார்கள். நோன்பு காலம் என்பதால், வெயில் ஏறுமுன் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அடித்திருக்கிறார். டொக்டர்மார் இரண்டு நாள் போராடினார்கள். மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளை மவுத்தாகிவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை அவள் மண்டபத்துக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ஓட்டோவில் ஏற்றியபோது பதினொன்றே முக்கால். அந்த இடைவெளி என்னுடையது. வேறு யாருடையதும் இல்லை.

4. நான் எழுதிய பக்கம்

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு பக்கம் எழுதினேன். நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். வகுப்பில் நச்சுப் பொருள் எதுவும் பாவிக்கப்படவில்லை. பிள்ளை வகுப்புக்கு வருமுன் தகப்பன் செய்கிற வயலில் நஞ்சுக்கு ஆளாகியிருக்கிறது. தகப்பனின் கவனக்குறைவே காரணம். கையெழுத்து, திகதி, முத்திரை.

ஒவ்வொரு வசனமும் உண்மை. நாலு காலையும், மாடா என்று சிரித்ததையும், எண்ணிட்டு வா என்று அனுப்பியதையும் எழுதவில்லை. பயந்துபோனேன். வேலை போய்விடும் என்று பயம், ஊர் கதைக்கும் என்று பயம். பொம்மைகளைச் சாக்கில் கட்டி ஸ்டோரில் போட்டேன். ஆதம்லெவ்வையை வீதியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவர் மட்டும் வழக்கம்போலச் சலாம் சொல்வார். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் வயல் பார்க்கப் போய் வரம்பில் நிற்கிறேன், எதிரே ஒரு கம்பில் தும்பி வந்து இருந்தது. சிவப்புத் தும்பி. வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் காலை எண்ணினேன். நான்கு. கண்ணைக் கசக்கிவிட்டு, கிட்டப் போய்க் குந்தியிருந்து எண்ணினேன். நான்குதான். முன்கால் இரண்டையும் மடித்துத் தலைக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தது. ஓய்வாக இருக்கும்போது அந்தத் தும்பி அப்படித்தான் இருக்கும். உயிரோடு பார்த்தால் நாலுதான் தெரியும். செத்து மல்லாந்து கிடந்தால்தான் ஆறையும் லேசாக எண்ணலாம்.

அவள் என் சட்டப்படிதான் நடந்திருக்கிறாள். பார்த்துத்தான் செய்தாள். பார்க்காதவள் நான். அந்த வரம்பிலேயே இருந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

5. ஆதம்லெவ்வை சொன்னது

அன்று பின்னேரமே சாக்கை அவிழ்த்து, ஐந்து காலோடு நின்றுபோன அந்தத் தும்பியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். எண்ணிட்டு வா என்று நான்தான் அனுப்பினேன் என்றேன்.

அவர் பொம்மையின் சிறகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும் மிஸ்" என்றார். "அண்டைக்கு வயலடிக்கு வந்து என்னட்டச் செல்லினா. தும்பி ஒரு இடத்தில இரிக்குதில்ல வாப்பா, கிட்டப் போனாப் பறந்திருது, மிஸ் ஏசுவாங்க எண்டு அழுதா. நான்தான் செல்லிக் குடுத்தேன். விடிய மருந்தடிச்ச பக்கம் போய்ப் பாரு மகள், எல்லாம் உழுந்து கிடக்கும், லேசா எண்ணலாம் எண்டு."

அவர் பொம்மையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"புள்ள என்னத்துக்கு வயலுக்குள்ள போன எண்டு பொலிசில கேட்டாங்க. விளையாடப் போனா எண்டு செல்லிட்டேன். உங்கட பேர் வந்தா உங்கட வேலைக்குக் கரைச்சல்தானே."

தகப்பனின் கவனக்குறைவு என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போது சொன்னேன். சொல்லாமல் அந்த வீட்டை விட்டு எழும்ப ஏலாது. அவர் கோபப்பட்டால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது உண்மதானே மிஸ்" என்றார்.

மறுநாள் இரண்டாவது பக்கத்தை எழுதி அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. முதல் பக்கம்தான் இன்னும் கோப்பில் இருக்கிறது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வருகிற உங்களுக்கு என்னிடம் பெரிய அறிவுரை ஒன்றும் இல்லை. பிள்ளையை வயலுக்கு அனுப்புமுன் நீங்கள் போய்ப் பாருங்கள். அன்று காலை யார் எங்கே மருந்தடித்தார்கள் என்று கேளுங்கள். நோன்பு பிடித்த பிள்ளை துப்பினால், பகிடி பண்ணுமுன் கண் இமையைத் தூக்கிப் பாருங்கள். பொம்மை செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை தும்பிக்கு நாலு கால் வைத்துக்கொண்டு வந்து நின்றால், உங்கள் சட்டத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆறு என்று சொல்லிவிடுங்கள்.