தீக்குழியில் அண்ணன் இறங்கக் கூடாது

ரப்பர் விலை விழுவதற்குச் சில வருஷம் முன்பு, மலேசியாவில் சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பால்மரம் சீவிக்கொண்டிருந்தபோது, என் அண்ணனின் நடை தள்ளாடத் தொடங்கியது. கையும் தோளும் தாமாகவே வெட்டி இழுத்தன. முதலில் கள்ளு என்றார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் பேச்சு மாறி, அம்மன் அருளாகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் கைகட்டி நின்று அவரிடம் குறி கேட்டார்கள். இந்த முறை தீக்குழியில் அவரே முதலில் இறங்கட்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமதரையிலேயே விழுகிற மனிதர். எங்கள் அப்பாவும் அப்பாவின் அக்காவும் இப்படி ஆடி ஆடித்தான் படுக்கையில் விழுந்தார்கள். இது ரத்த வழியில் வரும் நரம்பு நோய் என்று தோட்டத்து மருந்துக்காரரும் சொல்லியிருந்தார். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"குடிகாரன்னு காறித் துப்புனவனெல்லாம் இப்பக் கும்புடுறான். அது உனக்குப் பொறுக்கலியாடா?"

"விழுந்துருவீங்கண்ணே."

"அப்பாவுந்தான் விழுந்தாரு. எட்டிப் பாக்க ஒருத்தன் வந்தானா?"

வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நானோ மூடிக் கிடந்த எங்கள் வீட்டு விஷயத்தை ஊர்வாயிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டு அத்தை பதறினாள்.

"சாமிய நோயிங்காத தம்பி. வாய் அழுகிடும்."

"சாமி வந்தா சூடம் காட்டுனதும் மலையேறிடும் அத்தே. இவருக்குச் சோறு அள்ளுறப்பவும் கை நிக்கலியே."

அவள்தான் என்னைப் பூசாரியிடம் இழுத்துப் போனாள். கோயில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டுப் பூசாரி மெதுவாகக் கேட்டார்: "ரத்த வழின்னா, உனக்கும் வருமா?"

"வரலாம். வந்தா என்னையும் நெருப்புல எறக்கிடாதீங்க."

திருவிழாவன்று அண்ணனைக் குழிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என்னோடு அவர் பேசவில்லை. தீ மிதித்து வந்தவர்கள் அவரைக் கும்பிடாமல் தாண்டிப் போனார்கள். அத்தை மட்டும் மோர்ச் செம்பை அவர் கையில் கொடுத்து, சிந்தாமல் அடியில் பிடித்துக்கொண்டாள். அவர் குடித்து முடிக்கும்வரை நான் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.