யாரோட ஆளு?

பெங்களூரில் வேலை போய் நான் ஊருக்குத் திரும்பியபோது, வேலை தேடும் அந்த இணையதளத்தில் எனக்கு எண்ணூறு தொடர்புகள் இருந்தன. புகைப்படத்தைச் சுற்றி 'வேலை தேடுகிறேன்' என்று ஒரு பச்சை வளையத்தை மாட்டிக்கொண்டேன். ஐம்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். இன்னொருவர் தன் பயிற்சி வகுப்பில் சேரச் சொன்னார். அன்று நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் வாழவந்தியில், வீட்டு அடுப்படி ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் நிற்கும். முதல் வீடியோ நேர்காணலுக்கு அங்கேதான் உட்கார்ந்தேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. "நானும் இருக்கறேன் கண்ணு" என்றார். எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

எஸ்டேட்டில் வேலை கேட்டு யாரும் தனியாகப் போவதில்லை. அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர் ஒருவர் கூடப் போய் நிற்பார். "யாரோட ஆளு?" என்று ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் கேட்பார். "எங்க ஆளுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் பெயர் எழுதுவார். புது ஆள் சொதப்பினால் பேச்சு வாங்குவதும் கூட நின்றவர்தான்.

திரையில் மூன்று பேர், மூவருக்கும் தமிழ் தெரியாது. பத்து நிமிடம் போயிருக்கும். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் தோளருகே வந்து நின்றார்.

"வணக்கமுங்க. எங்க புள்ளைங்க. சொன்ன நேரத்துக்கு வந்துருமுங்க. நொம்ப நல்லா வேலை செய்யுமுங்க."

யார் அது என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தெரியாமல் வந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"என்ன கண்ணு கேட்டாங்க?" என்றார் அம்மா, எல்லாம் முடிந்த பிறகு.

"யாருன்னு கேட்டாங்க. அம்மான்னு சொன்னேன்."

தலையை ஆட்டிவிட்டு ரசம் வைக்கப் போனார். அந்த வேலை கிடைக்கவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அம்மா என் தட்டில் சோறு வைத்தபோதுதான் பசியில்லை என்று எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அடுத்த நேர்காணல் வந்தது. அன்று காலை அம்மா குடையை எடுத்தார். "ஒண்டிக்கடை பஜார் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

"அங்க என்ன வேலை?"

"சும்மாதான்."

வேலையில்லாமல் பஸ் ஏறுகிறவர் இல்லை அவர். வெளியே பனிமூட்டத்தில் எதிர் வீடே தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூட நில்லும்மா."

"வேண்டாஞ் சாமி. அவங்க ஏதாச்சும் நெனச்சுக்குவாங்க."

"நெனச்சா நெனச்சுட்டுப் போறாங்க."

கேமராவில் விழாமல் மடிக்கணினிக்குப் பின்னால், எனக்கு எதிரே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என் கண் அடிக்கடி அங்கே போனதை, கேள்வி கேட்ட பெண்மணி கவனித்துவிட்டார். அங்கே யார் என்று கேட்டார்.

என் அம்மா என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். எங்கள் ஊரில் வேலை கேட்கப் போனால் ஒருவர் கூட நிற்பார், எனக்காக இவர் நிற்கிறார் என்றேன். அந்தப் பெண்மணி சிரித்தார். அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டார். மடிக்கணினியைத் திருப்பினேன். அம்மா கும்பிட்டார், இந்த முறை வாயே திறக்கவில்லை.

அந்த வேலை கிடைத்தது. ஆனால் முடிவு தெரிவதற்கு முன்பே, அன்று மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னார்:

"இன்னிக்குத்தான் 'மதர்'னு சொன்ன கண்ணு. அன்னிக்கு அந்த வார்த்தை வரவே இல்ல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"உன்ற பள்ளிக்கூடத்து மார்க்கு அட்டையில எல்லாம், 'மதர்'னு டீச்சர் காட்டற எழுத்துக்குப் பக்கத்துலதான நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். "சாப்புடு, ஆறிப்போவுது."