துரைக்கு ஒரு வீடு கேட்டேன்

தணிகை மலையானை நம்பிப் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, நான் ஒன்று கேட்டேன், அவர் கொடுத்தார். கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகைதான் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உலகச் சண்டை இன்னும் முடியாத காலம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த வாரம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருமல் வந்தது. முந்தானையை வாயில் வைத்து எடுத்தால் ரத்தம். முன்வரிசைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

அரக்கோணத்து டாக்டர் க்ஷயரோகம் என்றார். சானடோரியத்துக்கு எழுதிப் போடுகிறேன், படுக்கை காலியானதும் கூப்பிடுவார்கள், எத்தனை மாதம் என்று மட்டும் என்னைக் கேட்காதே என்றார். பள்ளிக்கூடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் இருக்கிற இடம், வேறென்ன சொல்வார்கள்? பட்டணத்திலிருந்து அண்ணன் வந்து என்னைச் சானடோரியத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

நான் சாவுக்குப் பயப்படவில்லை. வீட்டுக்காரர் போனபிறகு எனக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. என் கவலையெல்லாம் துரையைப் பற்றித்தான்.

துரை என் நாய். உடம்பெல்லாம் செம்மண் நிறம், நாலு கால் மட்டும் வெள்ளை. சாக்ஸ் போட்ட வெள்ளைக்காரன் மாதிரி நடப்பான். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்தார்களே, அப்போது எங்கள் தெருவில் வாடகைக்கு வந்த ஒரு குடும்பம் கொண்டுவந்த நாய். பயம் தெளிந்ததும் அவர்கள் ரயிலேறிப் போய்விட்டார்கள். நாயை ஏற்றவில்லை. அது பிளாட்பாரத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து ஓடி, இறங்குகிறவர்களை மோந்து பார்த்து, திரும்பி வந்து படுக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் போய்ச் சோறு வைத்து, கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்புறமும் ரொம்ப நாள் ரயில் ஊதினால் உடம்பு நடுங்கி என் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கிக்கொள்வான்.

ஒருதரம் வளர்த்தவர்களே விட்டுப்போன ஜீவன். நானும் அப்படி விட்டுப்போனால் அதற்கு என்ன ஆகும்? அண்ணன் இருப்பது ஒண்டுக்குடித்தனம், அங்கே மனுஷருக்கே காலை நீட்ட இடமில்லை.

பக்கத்து வீட்டில் பூக்கட்டி விற்கும் கன்னியம்மாவிடம் முதலில் கேட்டேன். நல்லவள்தான். ஆனால் வாசலுக்கு வெளியே நின்றே பேசினாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க வாத்தியாரம்மா. உங்க தட்டுல துன்ன நாய். அந்த நோவு அதுக்கும் இருக்கும்னு எல்லாரும் சொல்லிகினு இருக்காங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்குது.”

தெருவில் அதேதான் பேச்சு. என் தட்டில் துரை என்றைக்கும் தின்றதில்லை. அவனுக்கு என்று ஒரு மண்சட்டி இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அவன் போகும்போது பிள்ளைகள் கல்லெறிய ஆரம்பித்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள்.

மண்டிக்கடைக்காரர் ஒருவர், “ஆங், குடோனுக்குக் காவலா வெச்சிக்கிறேன்” என்று கயிறு போட்டு இட்டுப்போனார். எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் நாள் காலை துரை வாசலில் நிற்கிறான். கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்திருக்கிறது. கட்டிப்போட்டவர்கள் அவிழ்க்கவும் இல்லை, சோறு வைக்கவும் இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அதைப் பார்த்த கன்னியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒரு விஷ உருண்டை வெச்சிடலாம்மா. இப்படி அல்லாடறதுக்கு அது மேல்.”

அவள் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். நான் கத்தினேன். கத்தினதில் இருமல் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே சுருண்டு விழுந்தேன். துரை என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான். முருகா, நான் யாரிடம் போவேன் என்று வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரமே சானடோரியத்திலிருந்து தகவல் வந்தது. அடுத்த அமாவாசைக்குள் வந்து சேரவேண்டும்.

மறுநாள் மலையேறினேன். ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு படி ஏறுவேன், உட்காருவேன். துரை அடிவாரத்திலேயே படுத்துவிட்டான். சன்னதியில் ஒதுங்கி நின்றேன், யார்மேலும் என் மூச்சுப் படக்கூடாதே என்று. கண்ணெதிரே சுவாமியின் அந்த யானை வாகனம்.

தணிகைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மற்றக் கோயில்களில் வாகனம் சாமியைப் பார்த்து நிற்கும். இங்கே யானை வெளியே, கிழக்கே பார்த்து நிற்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்த இந்திரன் தன் ஐராவதத்தையும் சீதனமாகக் கொடுத்துவிட்டான். யானை போனபின் அவன் ஊரில் செழிப்பும் போயிற்று. வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள் என்றார் சுவாமி. கொடுத்ததை வாங்கமாட்டேன், அது என் ஊர்ப் பக்கம் பார்த்து நின்றால் போதும் என்றான் இந்திரன். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. அந்த யானை எத்தனை யுகமாக இப்படிப் பார்த்துக்கொண்டே நிற்கிறது!

நான் வேண்டிக்கொண்டது இதுதான். முருகா, இந்திரன் கேட்டதை நான் கேட்கமாட்டேன். என் துரைக்கு ஒரு நல்ல வாசலைக் காட்டு. அங்கே போனபின் அவன் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். ஸ்டேஷனில் காத்துக் கிடந்த மாதிரி இன்னொருதரம் அவன் யாருக்கும் காத்துக் கிடக்கவேண்டாம். என்னை மறக்கிற மனசை அவனுக்குக் கொடு. என் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோன்றவில்லை.

இறங்கி வந்தேன். அடிவாரத்தில் துரைக்குப் பக்கத்தில் ஒரு புருஷன் பெஞ்சாதி உட்கார்ந்திருந்தார்கள். முடி இறக்கின தலையில் சந்தனம் பூசியிருந்தார் அவர். பேர் முனிரத்தினம். அவள் செங்கம்மா. பள்ளிப்பட்டுப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடித்தனக்காரர்கள். பொரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பேசாமல் காத்திருந்தாள். துரை தானாக எழுந்து வந்து தின்றான். கழுத்துப் புண்ணுக்குப் பிறகு அவன் ஒருவர் கையிலும் வாய் வைத்ததில்லை.

இவனை வளர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டேன். க்ஷயரோகக்காரி வீட்டு நாய் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பின்னால் தெரிந்து விரட்டிவிட்டால்?

“எங்க நைனாவுக்கும் அதே நோவுதாம்மா,” என்றார் முனிரத்தினம். “கடைசி வரிக்கும் நாந்தான் தூக்கி எடுத்தேன். நாய்க்கு இன்னா பயப்படறது?”

மண்டிக்காரரும் இப்படித்தானே தலையாட்டினார் என்று எனக்கு உள்ளுக்குள் ஓடியது. ஆனால் இவர்கள் உடனே சரி என்று சொல்லவில்லை. என்னை விசாரித்தார்கள். என்ன தின்னும், கோழியைத் துரத்துமா, எங்கே படுத்துப் பழக்கம். கடைசியில் செங்கம்மா கேட்டாள்:

“அது எதுக்கும்மா பயப்படும்?”

என்னை ஒருவரும் கேட்காத கேள்வி. “ரயில் சத்தத்துக்கு,” என்றேன்.

“அப்ப சரி. எங்க ஊருல ரயிலே கெடயாதும்மா.”



அன்றைக்கே இட்டுப்போங்கள் என்றேன். மாட்டேன் என்றார் முனிரத்தினம். “இன்னிக்கு இழுத்துகினு போனா அது மெரண்டுடும். நாங்க வந்து போறோம். மொகம் பழகட்டும்.” சொன்னபடியே அடுத்த வாரச் சந்தைக்கு வந்தார்கள். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து துரையோடு பேசினார்கள். தெருவே பார்த்தது. அதற்கடுத்த சந்தைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, “நீங்களும் வாங்க, வீட்டப் பாத்துட்டு அப்பறமா உடுங்க” என்றார்கள். என் பழைய புடவை ஒன்றையும் அவனுக்குப் படுக்க எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நல்ல வீடு. பூவரச மரம், கிணறு, ஒரு கன்றுக்குட்டி. துரை எல்லாவற்றையும் மோந்து பார்த்தான். அவன் அந்தப் பக்கம் போயிருந்த சமயம் பார்த்து நான் வண்டியில் ஏறப்போனேன்.

“சொல்லிட்டுப் போங்கம்மா,” என்றார் முனிரத்தினம்.

“அதுக்கு என்னங்க புரியும்?”

“புரியுதோ இல்லியோ. சொல்லாம உட்டுட்டுப் போனதாலதான ஸ்டேஷன்ல கெடந்துச்சு?”

இறங்கினேன். குந்தி உட்கார்ந்தேன். “துரே, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்டா. நீ வேண்டாம்னு போகலடா. இதான் இனிமே உன் வீடு,” என்றேன். நோய் வந்ததிலிருந்து முகத்தை நக்க விடுவதில்லை. கையைக் கொடுத்தேன். நக்கினான். வண்டி கிளம்பியதும் கூடவே ஓடிவந்து ஊளையிட்டான். செங்கம்மா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அந்தச் சத்தத்தோடுதான் நான் சானடோரியத்துக்குப் போனேன். ராத்திரியெல்லாம் அதே சத்தம்.

அங்கே என் வரிசையில் பல கட்டில்கள் காலியாகி நிரம்பின. நான் பிழைத்துக்கொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. சண்டை முடிந்து, மழைக்காலமும் முடிந்தபின் இனி தொற்றாது என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்து சேர்ந்ததும் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிப்பட்டுக்குப் போனேன்.

துரை என்னைக் கண்டுபிடித்துவிட்டான். மேலே விழுந்தான், புரண்டான், குழந்தை மாதிரிக் குரல் கொடுத்தான். பளபளவென்று கொழுத்திருந்தான். கழுத்துத் தழும்பில் மயிர் மூடியிருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஏரிக்கரை வரைக்கும் கூடவே வந்தான். அங்கே நான் நின்றேன், அவனும் நின்றான். வாடா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அதற்குள் கொல்லையிலிருந்து செங்கம்மாவின் குரல். “துரே! கன்னு அவுத்துகினு ஓடுதுடா!”

இரண்டு காதும் நிமிர்ந்தன. ஒரே பாய்ச்சல். வரப்பு தாண்டி, கிணறு தாண்டி, வீட்டுப் பக்கம். திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். பார்க்கவில்லை.

கரையில் உட்கார்ந்து அழுதேன். களையெடுத்துவிட்டு வந்த ஒருத்தி, “இன்னாம்மா, யாரு பூட்டாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் போகலம்மா. சாமி நான் கேட்டதக் குடுத்துட்டாரு,” என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

இப்போது பள்ளிக்கூடத்தில் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டேஷனில் நாய் அனாதையாக நின்றால் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன், இடம் தேடிக் கொடுக்கிறேன். கேட்டு வருகிறவர்களைக் கேள்வி கேட்டே துளைத்தெடுக்கிறேன். சிடுசிடுப்புக்காரி என்று பேர். இருக்கட்டும்.

உங்கள் மனசிலும் யாரையாவது எங்கே விட்டுப்போவது என்ற தவிப்பு இருந்தால் தணிகைக்கு வாருங்கள். கூசாமல் கேளுங்கள், நல்லபடியாகக் கேளுங்கள். அவர் கைவிடமாட்டார். நான் கிருத்திகைதோறும் மெதுவாக ஏறிப்போய் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். துரை என்னை மறக்கட்டும் என்று கேட்டவள், துரையை நானும் மறக்கவேண்டும் என்று மட்டும் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார் என்று பயம்.